போர்டில் இருந்த ஒரே ஒரு வார்த்தை

கெலமங்கலத்தில் பஸ் ஏறி ஓசூர் போய், அங்கிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. பசவனகுடிப் பக்கம் 1965-லிருந்து நடக்கும் ஒரு சின்னக் கடை உண்டு. பெயர், பிராமின்ஸ் காபி பார். இட்லி, வடை, சட்னி, காபி. கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். நிற்பவர்களில் எல்லா சாதிக்காரர்களும் இருப்பார்கள். பெயரைப் பற்றி அங்கே பெரிதாகப் பேச்சே இல்லை.

அதே போர்டை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மாட்டிப் பாருங்கள்! 2012-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஓட்டல் 'பிராமணாள்' என்று பெயர் வைத்தபோது போராட்டமே நடந்தது. நடுவில் 40 கிலோமீட்டர்தான். ஏன் இத்தனை வித்தியாசம்? பதில் சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கிறது.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் 'பிராமணாள் ஓட்டல்', 'பிராமணாள் காபி கிளப்' என்று போர்டு தொங்கும். சமைத்தவர் யார் என்பதற்கான சர்டிபிகேட் அது. பல இடங்களில் உள்ளே பந்தியும் தனித்தனி. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில்கூட பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம். டிக்கெட் விலை மட்டும் எல்லோருக்கும் ஒன்று! அது ஒழிந்தது 1941-ல்.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் வந்தது. சாதியைக் காட்டி யாரையும் ஓட்டலுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்றது 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனம். தீண்டாமையைத் தண்டிக்க 1955-ல் தனிச் சட்டமே போட்டார்கள். எனவே 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம், காசு கொடுத்துச் சாப்பிடலாம். ஆனால், போர்டில் 'பிராமணாள்' இருந்தது. அதை எடுக்கச் சொல்லி மறியல் அறிவித்தார் பெரியார். அப்போது அவருக்கு வயது 77.

யாரையும் துரத்தவில்லையே, ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ரகளையா என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெரியாரின் பதில் இதுதான்: ஒருத்தன் தன்னைப் பிராமணன் என்று போர்டு போட்டுக்கொண்டால், எதிரே நிற்பவனைச் சூத்திரன் என்று சொல்லாமல் சொல்கிறான். வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் நுழைகிறவன் அந்தப் பட்டத்தைத் தலையில் ஏற்றுக்கொண்டுதான் நுழைய வேண்டியிருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இதற்குத் தண்டனை கிடையாது. அதனால்தான் தெருவில் இறங்கினார்கள்.

தினமும் ஒரு குழு வரும், மறியல் செய்யும், கைதாகும். மறுநாள் அடுத்த குழு. மாதக்கணக்கில் இது நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். கடைசியில் அந்த வார்த்தை போர்டிலிருந்து இறங்கியது. மற்ற ஊர் ஓட்டல்களிலும் மெல்ல மெல்ல மறைந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு மறியல் நடக்கவில்லை. அதனால் வார்த்தையும் அங்கே தங்கிவிட்டது.

முரளி கபேவுக்கு மியூசியம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்து லொரெய்ன் மோட்டலுக்கு இருக்கிறது. வெள்ளையர் விடுதிகள் கறுப்பர்களை உள்ளே விடாத காலத்தில், 1945-ல் வால்டர் பெய்லி என்ற கறுப்பர் வாங்கி, மனைவி லோரி பெயரையும் சேர்த்து வைத்து நடத்திய விடுதி அது. நாடறிந்த பாடகர்களுக்கே வேறு விடுதிகளில் இடம் கிடைக்காது, இங்கேதான் தங்குவார்கள். 1968-ல் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங்கும் இங்கேதான் தங்கினார். ஏப்ரல் 4 மாலை, 306-ம் எண் அறை வாசலில் நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்றே நினைவிழந்து விழுந்த லோரி, கிங்கின் இறுதி ஊர்வல நாளில் இறந்துபோனார். பெய்லி அந்த அறையை மட்டும் வாடகைக்கு விடவே இல்லை. ஆனால், எந்த விடுதியும் கறுப்பர்களை மறுக்கக் கூடாது என்று 1964-லேயே சட்டம் வந்துவிட்டது. கையில் காசிருந்தவர்கள் பெரிய விடுதிகளுக்குப் போக, லொரெய்ன் நொடித்து 1982-ல் ஏலத்துக்கு வந்தது! ஊர்க்காரர்கள் நிதி திரட்டி மீட்டார்கள். 1991 முதல் அது மியூசியம்.

கிங் 1959-ல் நம் பக்கம் வந்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த பள்ளிக்கூடத்தில், 'இவரும் உங்களைப்போல ஒரு தீண்டப்படாதவர்' என்று அறிமுகம் செய்தார்கள். முதலில் சுருக்கென்றதாம். யோசித்துப் பார்த்ததும், ஆமாம், நானும்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த மாணவர்களின் பிரச்னை போர்டில் இல்லை, டம்ளரில் இருந்தது. கிராமத்து டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனி டம்ளர். குடித்தவரே கழுவி ஓரமாக வைக்க வேண்டும். 1955 சட்டப்படி அது குற்றம். போர்டை இறக்குவதுபோல அதை இறக்க முடியவில்லை. எத்தனையோ ஊர்களில் வழக்கு, அடிதடி என்றான பிறகு புதுசாக ஒன்று வந்தது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், காலனிக்காரருக்குத் தூக்கிப்போடும் கப். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். 'எல்லாம் சுத்தத்துக்குத்தான் சார்' என்பார்கள்.