லாஜிக் (ராப் பாடகர்)

லாஜிக்: அமெரிக்க ராப் பாடகர், பாடலாசிரியர், எழுத்தாளர். இயற்பெயர் ராபர்ட் பிரைசன் ஹால். 1990 ஜனவரி 22 அன்று மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். தந்தை கறுப்பினத்தவர், தாய் வெள்ளையர். போதைப் பழக்கமும் வன்முறையும் நிறைந்த வீட்டில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. இன அடையாளச் சிக்கலும் மனப்பதற்றமும் இவர் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் பொருள்கள். ‘திஸ் பிரைட் ஃபியூச்சர்’ (2021) இவரது தன்வரலாறு.

பெரும்புகழ் தந்தது அலெசியா காரா, காலித் ஆகியோருடன் பாடிய ‘1-800-273-8255’ (2017). அமெரிக்கத் தேசியத் தற்கொலைத் தடுப்பு உதவி மையத்தின் அன்றைய தொலைபேசி எண்ணே பாடலின் தலைப்பு. சாக விரும்பி அழைப்பவர், அழைப்பை ஏற்பவர் என இரு குரல்களில் நகரும் பாடல், அழைத்தவர் வாழ விரும்புவதில் முடிகிறது. பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் மூன்றாம் இடம் வரை சென்றது. ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. பாடல் மிகுந்த கவனம் பெற்ற 34 நாட்களில் மையத்துக்கு வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்ததாகவும், 10–19 வயதினரிடையே தற்கொலைகள் 245 குறைந்ததாகவும் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் ஆய்வு (2021) மதிப்பிட்டது. இது புள்ளியியல் தொடர்பே. பாடல்தான் காரணம் என்பதற்கான நிரூபணம் அன்று. 2022 ஜூலை முதல் அச்சேவையின் சுருக்க எண் 988.