மடத்துக்குப் போகாத ஜான் மான்ஸ்

மொன்றியலில் வளர்ந்த எவருக்கும் ஜான் மான்ஸ் என்ற பெயர் புதிதல்ல. மலையடிவாரத்தில் நாங்கள் உதைபந்து விளையாடும் பூங்காவுக்கு அவருடைய பெயர்தான். நகரத்தின் நடுவே பிளாஸ்-தே-சார் பக்கமாக ஓடும் தெருவுக்கும் அவருடைய பெயர்தான். ஆனால் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். "பழைய காலத்துக் கன்னியாஸ்திரி ஒருவர், வைத்தியசாலை கட்டினவர்" என்று பலரும் சொல்வார்கள். வைத்தியசாலை கட்டியது உண்மை. கன்னியாஸ்திரி என்பது உண்மையல்ல. ஜான் மான்ஸ் எந்தத் துறவற சபையிலும் சேரவில்லை. வாழ்நாள் முழுவதும் பொதுநிலையினராகவே இருந்தார், அப்படியே இறந்தார்.

இது ஒரு சின்னத் திருத்தம் போலத் தெரியலாம். எனக்கு அவருடைய வரலாற்றின் நடுப்புள்ளியே இதுதான் என்று படுகிறது.

எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் "இறையழைத்தல்" என்றால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். பெடியன் என்றால் சுவாமியாருக்குப் போவது, பெட்டை என்றால் மடத்துக்குப் போவது. மற்றவர்கள் எல்லாம் படித்து, வேலை எடுத்து, கலியாணம் கட்டி, ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள். பாஸ்காக் காலத்தின் நான்காம் ஞாயிறு இறையழைத்தலுக்காகச் செபிக்கும் நாள். அன்று கோவிலில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் "இது எனக்கில்லை" என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வாசிக்கலாம். இது நாங்கள் வாழும் நகரம் தொடங்கிய கதையும்தான்.

இரண்டே வழிகள்

ஜான் மான்ஸ் பிரான்சின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் லாங்ர் என்ற ஊரில் 1606ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று ஞானஸ்நானம் பெற்றார். 12 பிள்ளைகளில் இரண்டாவது பிள்ளை. தகப்பன் நீதிமன்ற வழக்குகளைக் கவனிக்கும் தொழில் செய்தவர். தாய் இறந்த பிறகு, சின்னச் சகோதரங்களை வளர்க்கும் பொறுப்பில் ஜானுக்கும் பங்கு விழுந்தது. பிறகு முப்பதாண்டுப் போரும் கொள்ளைநோயும் அந்தப் பகுதியைத் தாக்கின. காயப்பட்டவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்க அவர் பழகியது அங்கேதான்.

அந்தக் காலத்து பிரான்சில் ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்கு மரியாதையான வழிகள் இரண்டுதான்: கலியாணம் அல்லது மடம். மடம் என்றால் இன்று நாங்கள் காணும் சிஸ்டர்மாரின் மடம் போல நினைக்காதீர்கள். 1563இல் முடிந்த திரெந்து பொதுச்சங்கம், கன்னியர்கள் மதிலுக்குள்ளேயே வாழவேண்டும் என்று கண்டிப்பாகச் சட்டம் வைத்திருந்தது. உள்ளே போனால் வெளியே வருவதற்கில்லை. 1639இல் கியூபெக் நகரத்துக்கு வந்து இறங்கிய உர்சுலின் கன்னியரும் வைத்தியசாலைக் கன்னியரும், இவ்வளவு கடல் தாண்டி வந்த பிறகும், அந்த அடைப்பு வாழ்க்கையையே வாழ்ந்தார்கள்.

ஜான் மான்ஸ் இரண்டு வழியையும் எடுக்கவில்லை. புதிய பிரான்சைப் பற்றி உறவினரான ஒரு குருவானவர் மூலம் கேள்விப்பட்டு, 1640 மே மாதத்தில் பாரிசுக்குப் புறப்பட்டார். வயது 33. அந்தக் காலத்துக் கணக்கில் அது இளவயது இல்லை. உடல்நலமும் அவ்வளவு நல்லதாக இருக்கவில்லை. பாரிசில் மதாம் து புல்யோன் என்ற பணக்கார விதவையைச் சந்தித்தார். கனடாவில் ஒரு வைத்தியசாலை கட்டுவதற்குத் தான் பணம் தருவதாகவும், தன் பெயர் வெளியே தெரியக்கூடாது என்றும் அவர் சொன்னார். ஜான் அந்த இரகசியத்தைக் காப்பாற்றினார். கடிதங்களிலும் கணக்குகளிலும் அவர் "பெயர் தெரியாத கொடையாளி"யாகவே பல வருடங்கள் இருந்தார்.

வரி சேகரிப்பவரின் கனவு

மொன்றியலைத் தொடங்கவேண்டும் என்ற எண்ணமும் ஒரு பொதுநிலையினருக்கு வந்ததுதான். லா ஃபிளெஷ் என்ற ஊரில் அரசாங்க வரி சேகரித்தவர் ஜெரோம் லு றுவாயே து லா தொவெர்சியேர். மனைவி, பிள்ளைகள், அலுவலகம், கடன் என்று எங்கள் அப்பாமாரைப் போன்ற வாழ்க்கை. அவரும் ஜான்-ஜாக் ஒலியே என்ற குருவானவரும் வேறு சிலரும் சேர்ந்து மொன்றியல் நொத்ர்-தாம் சங்கத்தை உருவாக்கினார்கள். ஜான் மான்ஸ் கப்பல் ஏறுவதற்கு முன் லா ரொஷெல் துறைமுகத்தில் அவரைச் சந்தித்து, அந்தச் சங்கத்தில் சேர்ந்தார். குடியேற்றத்துக்குத் தலைமை தாங்கிய மேசொன்னெவ் ஒரு படைவீரர். அவரும் பொதுநிலையினரே.

1642ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி இவர்கள் இன்றைய பழைய மொன்றியலில் புவாந்த்-ஆ-கலியேர் இருக்கும் இடத்தில் இறங்கினார்கள். யேசு சபைக் குரு ஒருவர் பூசை வைத்தார். பீடத்தை அலங்கரித்தவர்களில் ஜானும் ஒருவர். விளக்குக்கு எண்ணெய் இல்லாமல், மின்மினிப் பூச்சிகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் அடைத்து நற்கருணைக்கு முன் வைத்தார்கள் என்று ஒரு மரபுக்கதையும் உண்டு.

இங்கே ஒன்றைச் சேர்த்தே சொல்லவேண்டும். அது வெறும் காடு அல்ல. மோகாக் மக்கள் இன்றும் தியோதியாகே என்று அழைக்கும் இடம் இது. 1535இல் ஜாக் கார்தியே வந்தபோது ஒஷலாகா என்ற பெரிய கிராமம் இந்தத் தீவில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் பூர்வகுடி மக்களை மதம் மாற்றவேண்டும் என்ற நோக்கத்தோடு வந்தார்கள். அவர்களோடு நோய்களும் வந்தன. இந்த மண்ணின் மக்களுக்குக் கத்தோலிக்க நிறுவனங்கள் பிற்காலத்தில் செய்தவற்றுக்காக 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். ஜான் மான்ஸின் அன்பும் உண்மை, அந்தப் பெரிய கதையும் உண்மை. வரலாறு படிக்கிறவர்கள் இரண்டையும் கையில் வைத்திருக்கவேண்டும்.

22,000 லீவர்

1645இல் ஜானின் வைத்தியசாலை எழுந்தது. அதுதான் ஓத்தேல்-தியு. குடியேறியவர்களும் பூர்வகுடி மக்களும் அங்கே சிகிச்சை பெற்றார்கள். மருந்து கொடுப்பது, காயம் கட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாம் அவரே.

1651 அளவில் நிலைமை மிக மோசமானது. ஈரோக்குவா மக்களுடனான போரில் குடியேற்றம் அழியும் நிலைக்கு வந்தது. ஜானும் வைத்தியசாலையை விட்டுக் கோட்டைக்குள் ஒதுங்கவேண்டி வந்தது. மேசொன்னெவ் பிரான்சுக்குப் போய் ஆட்களைக் கொண்டுவர முடிவெடுத்தார். அதற்குப் பணம் இல்லை. ஜானின் பொறுப்பில் வைத்தியசாலைக்கென்று மதாம் து புல்யோன் கொடுத்த 22,000 லீவர் இருந்தது. அதை எடுத்து ஆட்களைத் திரட்டும்படி அவர் சொன்னார். பதிலுக்கு, வைத்தியசாலைக்கு 100 ஆர்ப்பான் காணி எழுதப்பட்டது.

நான் கணினித்துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். ஒரு திட்டத்துக்கென்று ஒதுக்கின பணத்தை இன்னொன்றுக்கு மாற்றுவது எவ்வளவு பாரமான விஷயம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்களுக்கு மின்னஞ்சல் இருக்கிறது, மேலாளர் இருக்கிறார், கூட்டம் வைக்கலாம். ஜானுக்கோ கொடையாளியிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்கவே பல மாதங்கள் வேண்டும். பணத்தைக் கொடுத்தால் கொடையாளியின் விருப்பத்தை மீறுவதாகும். கொடுக்காவிட்டால் ஊர் அழியும், ஊர் அழிந்தால் வைத்தியசாலை யாருக்கு? அவர் யோசித்தார், செபித்தார், தானே முடிவெடுத்தார்.

1653இல் மேசொன்னெவ் ஏறத்தாழ 100 ஆண்களோடு திரும்பி வந்தார். ஊர் பிழைத்தது. இன்றைய கியூபெக் குடும்பங்கள் பல, அந்தக் கப்பலில் வந்தவர்களின் வழியில் வந்தவை. அதே கப்பலில்தான் மார்கரித் பூர்ஜுவாவும் வந்தார். 1658 ஏப்ரல் 30 அன்று ஒரு பழைய மாட்டுத் தொழுவத்தில் மொன்றியலின் முதல் பாடசாலையைத் திறந்தவர் அவர். பிறகு அவர் தொடங்கிய கன்னியர் சபை, மதிலுக்குள் அடைபட மறுத்து மக்கள் நடுவே வாழ்ந்து கற்பித்தது.

ஆனால் அந்த 22,000 லீவர் ஜானை விடவில்லை. பிற்காலத்தில் ஆயர் லவால் அந்தக் கொடுக்கல் வாங்கல் செல்லுமா என்று கேள்வி எழுப்பினார். வைத்தியசாலைப் பணம் எங்கே போனது என்ற விவகாரம் ஜானின் கடைசி வருடங்களிலும் தீரவில்லை. இதிலே விசித்திரம் என்னவென்றால், 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆயர் லவால் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று ஜான் மான்ஸ் "வணக்கத்துக்குரியவர்" என்று அறிவிக்கப்பட்டார். நல்ல மனிதர்கள் இருவர் ஒரே விஷயத்தில் எதிரெதிர்ப் பக்கம் நிற்கமுடியும்.

ஏன் மடத்துக்குப் போகவில்லை?

யோசித்துப் பாருங்கள். ஜான் மூன்று தடவை அத்திலாந்திக் கடலைத் தாண்டி பிரான்சுக்குப் போய்த் திரும்பினார். 1649இல் போனது, சிதறிக்கொண்டிருந்த சங்கத்தை மறுபடி கட்டுவதற்காக. 1658இல் போனது, வைத்தியசாலைக்குக் கன்னியரைக் கூட்டிவருவதற்காக. அப்போது அவருடைய வலக்கை செயலற்றுப் போயிருந்தது. 1657 ஜனவரியில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து கை முறிந்தது. வைத்தியர் எலும்பைப் பொருத்தினார், ஆனால் மணிக்கட்டு விலகியிருந்ததைக் கவனிக்கவில்லை. (மொன்றியல் பனிக்காலத்தில் விழுந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.) 1659 பெப்ரவரி 2 அன்று பாரிசில், இறந்துபோன ஒலியே சுவாமியின் நினைவிடத்தில் செபித்தபோது கை குணமானதாக அவரே எழுதி வைத்தார். அந்த ஆண்டே மூன்று கன்னியரோடு திரும்பினார். 1662இல் மறுபடியும் போனார்.

அடைப்பு மடத்துக் கன்னியால் இதில் எதைச் செய்திருக்க முடியும்? கப்பல் ஏறிப் போய் வரவும், பணம் திரட்டவும், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவும், படைத்தலைவரோடு இருந்து கதைக்கவும் மதில் இல்லாத வாழ்க்கை வேண்டும். கன்னியர் வந்து நோயாளிகளைப் பொறுப்பெடுத்த பிறகும் அவர் அவர்களோடு சேர்ந்து உடை மாற்றவில்லை. நிர்வாகியாகவே இருந்தார். கடவுளுக்கு முழுவதும் கொடுத்த வாழ்க்கைதான், ஆனால் வீடும் சந்தையும் கணக்குப் புத்தகமும் அதன் இடங்கள்.

அவர் தனியாளும் அல்ல. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கானவாகேயில் வாழ்ந்த மோகாக் பெண் காதேரி தேகக்வித்தா, 1679 மார்ச் 25 அன்று கன்னிமை வார்த்தைப்பாட்டைத் தனிப்பட்ட முறையில் கொடுத்தார். எந்த மடத்திலும் சேராமல், அடுத்த ஆண்டு 24 வயதுக்குள் இறந்தார். 2012இல் புனிதரானார். வேறொருவரும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசின் அலுவலர். கலியாணமானவர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர்தான்.

திருச்சபை இதைச் சட்டமாக எழுதி வைக்கக் காலம் எடுத்தது. உலகத்தில் வேலை செய்துகொண்டே வார்த்தைப்பாடு கொடுத்து வாழ்கிறவர்களின் அமைப்புகளை 1947இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அங்கீகரித்தார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தூய வாழ்வுக்கான அழைப்பு குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டுமல்ல, எல்லோருக்கும் உரியது என்று தெளிவாகச் சொன்னது. ஜான் மான்ஸ் அதை 300 வருடங்களுக்கு முன்பே வாழ்ந்துவிட்டார்.

மூலையிலிருந்து நடுவுக்கு

ஜான் 1673 ஜூன் 18 அன்று இறந்தார். நான் வசிக்கும் இல்-பிசார் தீவு ஜாக் பிசாருக்குக் கொடுக்கப்பட்டதே 1678இல்தான். அப்படியென்றால் அவர் எவ்வளவு முந்திய காலத்தவர் என்று பாருங்கள். அவருடைய இதயத்தை மொன்றியல் மக்களுக்கென்று தனியாக எடுத்து வைத்தார்கள். கட்டப்படவிருந்த நொத்ர்-தாம் கோவிலுக்கு அதைக் கொண்டுபோவது திட்டம். அதுவரை வைத்தியசாலைச் சிற்றாலயத்தில் இருந்தது. 1695இல் வைத்தியசாலை எரிந்தபோது அதுவும் எரிந்துபோனது.

அவர் எழுதியவற்றில் எங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அவரைத் தெரிந்த தொலியே து கசோன் சுவாமியும், வைத்தியசாலைக் கன்னியான மரி மொறேனும் எழுதி வைத்தவையால்தான் பெரும்பகுதியை அறிகிறோம்.

பிளாஸ் தார்முக்குப் போனால் 1895இல் வைத்த நினைவுச்சின்னத்தைப் பாருங்கள். உச்சியில் கொடியோடு நிற்பவர் மேசொன்னெவ். ஜான் மான்ஸ் கீழே ஒரு மூலையில், குழந்தை ஒன்றின் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மூலையிலிருந்து மேலே வர அவருக்கு 2012 வரை எடுத்தது. அந்த ஆண்டுதான் மொன்றியல் நகரசபை அவரை மேசொன்னெவுக்குச் சமமான நகர நிறுவனராக அதிகாரபூர்வமாக ஏற்றது.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது "உனக்குத் தேவ அழைத்தல் இருக்கா?" என்று கேட்டால், மடமா கலியாணமா என்று மட்டும் யோசிக்காதீர்கள். தாதியாகவோ, கணக்காளராகவோ, மென்பொருள் எழுதுகிறவராகவோ நீங்கள் செய்யப்போகும் வேலை யாருக்காக என்பதையும் யோசியுங்கள். பூங்காவில் விளையாடி முடித்து வீட்டுக்குப் புறப்படும் முன், தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய ஓத்தேல்-தியு கட்டடத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். வாசலில் அவருடைய சிலை இருக்கிறது. அவர் யார் என்று கூட வரும் தம்பி தங்கைக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்.