பட்டத்துக்கு மேல் ஒரு பட்டம்

பி.யூ.சி. முடித்து நேரே எம்.பி.பி.எஸ். சேர்ந்த காலம் நம்முடையது. அமெரிக்காவில் இருக்கும் பேத்தி நான்கு வருடப் பட்டம் வாங்கிய பிறகும், "எம்.எஸ். முடித்துத்தான் மெடிக்கல் காலேஜுக்கு மனுப் போடணும், தாத்தா" என்றால் திகைப்பாகத்தான் இருக்கும்.

இதற்கு வேர் 1893-இல் இருக்கிறது. அதுவரை அங்கே பல மருத்துவப் பள்ளிகளில் பள்ளிப்படிப்பும் கட்டணமும் இருந்தால் போதும். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி பணமில்லாமல் திறக்கப்படாமலே கிடந்தது. மேரி காரெட் என்ற பெண்மணி 3 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். அதற்கு நிபந்தனைகள் போட்டார்: பெண்களையும் சமமாகச் சேர்க்க வேண்டும்; சேருகிறவர்கள் பட்டதாரிகளாக இருக்க வேண்டும். முதல் வகுப்பில் 18 பேர். அதில் 3 பேர் பெண்கள்.

1910-இல் வந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை ஹாப்கின்ஸையே அளவுகோலாக வைத்தது. தரம் உயர்ந்தது. ஆனால் கறுப்பினத்தவருக்கென இருந்த 7 பள்ளிகளில் 5 பிறகு மூடப்பட்டன.

போட்டி வளர்ந்தபோது பட்டமும் போதவில்லை. 1970களில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் ஒரு தனி எம்.எஸ். தொடங்கியது. முதலாண்டு மருத்துவ மாணவர்களின் பாடங்களையே படிக்க வேண்டும். அவர்களோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். பட்டப்படிப்பில் சறுக்கியவருக்கு அது இரண்டாவது வாய்ப்பு. அங்கேயும் சறுக்கினால் கதவு இன்னும் இறுகிவிடும். ஏற்கெனவே நல்ல மதிப்பெண் இருந்தால் வீண் செலவு.

ஆகவே, பேத்தியிடம் "ஏன் இன்னொரு பட்டம்?" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். "எந்தக் குறையை இது சரிசெய்யும்?" என்று மட்டும் கேளுங்கள்.