கணினிக் குழுக்களும் அதிகாரப் பகிர்வும்

பலர் கூடிப் பயன்படுத்தும் பொருளொன்று தோன்றும்போதே, அதனைக் காண்போர் யாவர், மாற்றுவோர் யாவர், அவ்வுரிமையைப் பிறருக்கு வழங்குவோர் யாவர் என்னும் வினாக்களும் உடன்தோன்றுகின்றன. பண்டகசாலைக்கும் நூல்நிலையத்திற்கும் பொருந்தும் இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும். ஒரு கந்தோரில் நூறு கணினிகள் ஒரே வலையமைப்பிற் பிணைக்கப்பட்டிருப்பின், அவை ஒவ்வொன்றினுள்ளும் வெவ்வேறு உரிமைகள் பெற்ற பயனர் குழுக்கள் சில உள. அக்குழுக்களில் யார் யார் உறுப்பினர் என்பதை ஒழுங்குசெய்தல் சிறியதோர் அலுவல் போலத் தோன்றும். ஆயினும் அதன் பின்னே அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதிகாரத்தை மத்தியிற் குவிப்பதா, இடந்தோறும் விடுவதா என்னும் பழைய ஆட்சியியல் வினாவே அவ்வரலாற்றின் உயிர்நாடி எனலாம்.

தொடக்ககாலக் கணினிகளில் இவ்வினா எழவில்லை. இயந்திரம் ஒருவேளையில் ஒருவருடைய வேலையையே செய்தது. துளையட்டைக் கட்டை இயக்குநரிடம் ஒப்படைத்தவர் விடைக்காகக் காத்திருந்தார். அறைக்கதவின் பூட்டே போதிய காவலாயிருந்தது. 1961ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவருடன் உழைத்தோரும் நேரப்பகிர்வு முறைமையைச் செய்துகாட்டியபோது நிலைமை மாறிற்று. பலர் தத்தம் முனையங்களில் அமர்ந்து ஒரே இயந்திரத்தை ஒருங்கே பயன்படுத்தலாயினர். ஒருவருடைய கோப்பை மற்றொருவர் தொடாதிருக்கும்பொருட்டு ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் அளிக்கப்பட்டது.

அக்காவல் விரைவிலே தளர்ந்தது. வாரந்தோறும் தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாதெனக் கண்ட அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர், 1962இல் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தருமாறு இயந்திரத்தைப் பணித்து அவற்றைப் பெற்றுக்கொண்டார்; இதனைப் பிற்காலத்தில் அவரே எடுத்துரைத்தார். 1960களின் நடுப்பகுதியில், நிருவாகிகள் இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்தியபோது அவை இடம்மாறின. அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் உள்நுழைந்தோர் யாவர்க்கும் காட்சியளித்தன. கடவுச்சொல் இன்னார் இவர் என்பதையே உணர்த்தும். அவர் யாது செய்யலாம் என்பதை வரையறுக்க வேறோர் ஏற்பாடு வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று.

அவ்வேற்பாட்டை விரிவாக வகுத்தது மல்ரிக்ஸ் என்னும் முறைமை. 1960களின் நடுவில் மசச்சூசெற்ஸ் நிறுவகமும் ஜெனரல் எலக்றிக் நிறுவனமும் பெல் ஆய்வுகூடங்களும் கூடி இதனைத் தொடங்கின. ஒவ்வொரு கோப்புடனும் அதனைத் தொடக்கூடியோரின் நிரல் ஒன்று இணைக்கப்பட்டது. அந்நிரலில் ஆளின் பெயர் மட்டுமன்றி, அவர் சார்ந்த வேலைத்திட்டத்தின் பெயரும் இடம்பெற்றது. ஒரு திட்டத்தைச் சேர்ந்தோர் அனைவருக்கும் ஒரே வரியில் உரிமை வழங்க இது வழிசெய்தது. தனியாள் வந்துபோவார், பணி நிலைத்திருக்கும் என்னும் உண்மையை உட்கொண்ட ஏற்பாடு இஃதாகும். குழு என்னும் கருத்தின் வித்தை இங்கே காணலாம்.

1969இல் பெல் ஆய்வுகூடங்கள் அம்முயற்சியினின்றும் விலகின. அங்கிருந்த கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் சிறிய இயந்திரத்திற்கு ஏற்ற யுனிக்ஸை ஆக்கினர். 1971இல் வெளிவந்த அதன் முதற் கைந்நூல் உரிமையாளர், ஏனையோர் என்னும் இரு வகுப்பினரையே அறிந்திருந்தது. சில ஆண்டுகளின் பின்னர் இவ்விரண்டிற்கும் இடையே குழு புகுந்தது. உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகள். ஆக ஒன்பது குறிகளால் யாவும் அடங்கின. எனினும் ஒருவர் ஒருவேளையில் ஒரு குழுவின் உரிமையையே பயன்படுத்தலாம் என்னும் குறை இருந்தது. கலிபோர்னியாவின் பேர்க்கிளியில் உருவாகி 1983இல் வெளிவந்த யுனிக்ஸ் பதிப்பு அக்குறையை நீக்கிற்று. இவையனைத்திற்கும் மேலாக, எத்தடையும் அற்ற ‘மீயுயர் பயனர்’ ஒருவர் யுனிக்ஸில் தொடக்கமுதலே இருந்தார். பின்வந்த இடர்கள் பலவற்றின் ஊற்று இவ்வெல்லையற்ற அதிகாரமே.

1975இல் ஜெரோம் சால்ற்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் வெளியிட்ட கட்டுரையொன்று இத்துறைக்கு இலக்கணம் வகுத்தது எனலாம். எந்த நிரலும் எந்தப் பயனரும் தத்தம் பணிக்கு இன்றியமையாத மிகக்குறைந்த உரிமையுடனேயே இயங்குதல் வேண்டும் என்பது அதிற் கூறப்பட்ட நெறிகளுள் ஒன்று. பிழையால் விளையும் சேதத்தையும் அது எல்லைப்படுத்தும். ஆதலின் அந்நெறி மனிதரின் நேர்மையை ஐயுறுவதன்று. அவர் தவறக்கூடியவர் என்பதை ஏற்றுக்கொள்வதாகும்.

1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாட் கணினி வெளிவந்தபோது இந்நெறிகள் மறக்கப்பட்டன. மேசைமீதிருந்த இயந்திரத்திற்கு அதன்முன் அமர்ந்தவரே முழு அதிபதி. அதன் இயங்குமுறைமை பயனரிடையே வேற்றுமை அறியாது. ஆனால் அவ்வியந்திரங்கள் கம்பியாற் பிணைக்கப்பட்டதும் பழைய வினா மீண்டும் எழுந்தது. 1993 யூலையில் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. இதற்கு விடைகாண முயன்றது. டேவிட் கட்லர் தலைமையில் ஆக்கப்பட்ட அம்முறைமை குழுக்களை இருவகையாக வகுத்தது. உட்குழு ஒரு கணினிக்குள்ளேயே செல்லுபடியாகும். அக்கணினியில் யாது செய்யலாம் என்பதை அதுவே குறிக்கும். பொதுக்குழு வலையமைப்பு முழுவதற்கும் உரியது. இன்ன பணியினர் யாவர் என்பதை அது குறிக்கும். பொதுக்குழுவை உட்குழுவின் உறுப்பாக்கலாம். மறுதலையாகச் செய்தல் இயலாது.

இதன் பயனைக் கணக்கினால் அறியலாம். நூறு கணினிகளில் நாற்பது பேருக்கு உரிமை வழங்க, தனித்தனியே பதியின் 4,000 பதிவுகள் வேண்டும். நாற்பதின்மரை ஒரு பொதுக்குழுவில் அடக்கி, அக்குழுவை நூறு கணினிகளிலும் சேர்ப்பின் 140 பதிவுகள் போதும். ஒருவர் விலகினால் நூறு இடங்களில் அழிக்கவேண்டியதில்லை. ஓரிடத்தில் நீக்கினாற் போதும். நிருவாகிகள் என்னும் உட்குழுவின் பெயர் மொழிக்கு மொழி வேறுபடினும், அதன் அடையாள எண்ணின் ஈறு எல்லாக் கணினிகளிலும் 544 என்றே அமைந்தது. ஒருவர் உள்நுழையும் வேளையிலே அவருடைய குழுக்கள் கணிக்கப்படுவதால், உறுப்புரிமையில் நிகழும் மாற்றம் பொதுவாக அவர் வெளியேறி மீண்டும் நுழைந்த பின்னரே பயன்தரும்.

ஆயினும் அந்நூறு கணினிகளையும் ஒழுங்கில் வைத்திருப்பது எவ்வாறு? பழைய மென்பொருள் ஒன்று இயங்க மறுத்ததென்று ஒருவர் நிருவாகியாக்கப்படுவார். அலுவல் முடிந்த பின்னரும் அவ்வுரிமை நிலைத்துவிடும். 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 உடன் வந்த குழுக்கொள்கை இதற்கு மருந்தாயிற்று. உட்குழுவின் உறுப்பினர் நிரலை மத்தியில் எழுதிவைத்தால், ஒவ்வொரு கணினியும் அதனைப் பெற்று, நிரலில் இல்லாதோரை நீக்கிவிடும். மருந்து கூரியது, வேண்டியவரின் பெயரை எழுத மறப்பின் அவரும் எல்லாக் கணினிகளிலும் நீக்கப்படுவார். ஆகவே இருப்போரை அகற்றாது புதியவரைச் சேர்க்கும் வழியும் வகுக்கப்பட்டது.

எஞ்சிய குறை உள்நிருவாகியின் கடவுச்சொல். வசதி கருதி எல்லாக் கணினிகளிலும் ஒரே சொல்லை வைத்தல் பலவிடத்து வழக்கமாயிற்று. ஒரு திறப்பைக் கவர்ந்தவன் எல்லா அறைகளையும் திறந்தான். 2008இல் அச்சொல்லைக் கொள்கை வழியே அனுப்பும் வசதி வந்தது. ஆனால் அதனை மறைத்த குறியீட்டின் திறவுகோலை மைக்ரோசொப்ட் நிறுவனமே தன் ஆவணத்தில் வெளியிட்டிருந்தமையால், 2014இல் அவ்வசதி நிறுத்தப்பட்டது. 2015இல் வந்த வேறொரு கருவி கணினிதோறும் வெவ்வேறு கடவுச்சொல்லை ஆக்கி, காலந்தோறும் மாற்றி, உரியோர் மட்டும் காணுமாறு மத்தியிற் பேணிற்று.

இவற்றைப் பேணாமையின் விலையை 2017 யூன் 27இல் உலகம் கண்டது. நொற்பெற்யா என்னும் தீநிரல் உக்ரேனிற் பயன்பட்ட கணக்கியல் மென்பொருளொன்றின் வழியே புகுந்தது. திருத்தப்படாத குறையொன்றின் வழியாக மட்டுமன்றி, கணினியின் நினைவகத்திலிருந்து நிருவாகிகளின் அடையாளங்களைக் கவர்ந்தும் அது இயந்திரத்திலிருந்து இயந்திரத்திற்குத் தாவிற்று. மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் மட்டும் தனக்கு 20 கோடி முதல் 30 கோடி வரையான டொலர் இழப்பு நேருமென மதிப்பிட்டது. அளவிறந்த அதிகாரம் எங்கெங்கு சிதறிக்கிடந்ததோ அங்கெல்லாம் தீநிரலுக்கு வழி எளிதாயிற்று.

ஆட்சியை மத்தியில் வைத்தல், உரிமையைப் பணியளவிற் சுருக்குதல், கொடுத்ததைக் காலத்தில் மீளப்பெறுதல் என்னும் மூன்றும் ஒருங்கே வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். இவற்றுள் முதலிரண்டையும் இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். மூன்றாவதற்கு, உறுப்பினர் நிரலை அவ்வப்போது எடுத்து, ஒவ்வொரு பெயரும் இன்னும் அங்கிருத்தல் தகுமோவென ஆராயும் ஒருவர் ஒவ்வொரு கந்தோரிலும் இருத்தல் வேண்டும்.