வேலைவாசல் வகுப்பறைக்குள் வந்த வரலாறு

பல்கலைக்கழக வேலை வழிகாட்டி நிலையங்களுக்கு எந்த நாட்டிலும் பழகிப்போன சிக்கல் ஒன்று உண்டு. கதவு திறந்தே இருக்கும், மாணவர் வரமாட்டார்கள். வருபவர்களிலும் பலர் படிப்பு முடியும் தறுவாயில்தான் வந்து நிற்பார்கள். சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்கள் இதைச் சுவரொட்டி ஒட்டியோ கண்காட்சி நடத்தியோ தீர்த்துவிடவில்லை. துறைப் பேராசிரியர்களையும் நிறுவனங்களையும் உடன் சேர்த்துக்கொண்டு, வழிகாட்டுதலைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தன. அந்தக் கூட்டு உருவான கதை 1982ல் ஜூரோங்கில் தொடங்குகிறது.

அதற்கு முந்தைய சிங்கப்பூரில், தமிழர்களைப் பொறுத்தவரை, வேலை ஆள் வழியாகவே கிடைத்தது. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் வட்டித்தொழில் நடந்த கிட்டங்கியில் கணக்கெழுதச் சேர வேண்டுமானால் ஊரிலிருந்து யாராவது சொல்லிவிட வேண்டும். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடையநல்லூர்க்காரரும் தென்காசிக்காரரும் தமக்கு முன்னே கப்பலேறி வந்த உறவினரைப் பிடித்துக்கொண்டு பிழைப்பைத் தொடங்கினார்கள். சிராங்கூன் சாலையின் மாட்டுக் கொட்டகைகளிலும் மளிகைக் கடைகளிலும் ஊர்க்காரர் சொல்லே நற்சான்றிதழ். புதிதாக வந்தவனுக்குப் படுக்க இடமும் முதல் மாதச் சோறும் தந்த அந்த ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அதன் எட்டும் தூரம் கடையோடும் துறைமுகத்தோடும் நின்றது. ஷென்டன் வேயில் உள்ள வங்கிக்கோ ஜூரோங்கில் உள்ள பொறியியல் நிறுவனத்துக்கோ பிள்ளையை அனுப்ப, அங்கே வீட்டாருக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. வழிகாட்டி நிலையம் மிகவும் தேவைப்படுவது இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத்தான். அதன் வாசலில் மிகவும் தயங்கி நிற்பதும் அதே பிள்ளைதான்.

தொடக்க காலக் கல்லூரிகளுக்கு இந்தக் கவலை அதிகம் இருக்கவில்லை. 1905ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் அரசு மருத்துவமனைகளுக்குச் சென்றார்கள். 1928ல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய ராஃபிள்ஸ் கல்லூரியில் படித்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர் ஆனார்கள். பட்டதாரிகள் சிலர்; வேலை கொடுப்பது அரசு. பட்டம் மட்டுமே போதாது என்பதை முதலில் கசப்பாகக் காட்டியது நன்யாங் பல்கலைக்கழகம். சீன சமூகம் காசு சேர்த்து எழுப்பிய அந்தப் பல்கலைக்கழகம் 1956ல் வகுப்புகளைத் தொடங்கியது. ஆனால் அதன் பட்டத்தை அரசு அங்கீகரித்தது 1968ல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் வெளிவந்தவர்கள் வேலைச் சந்தையில் பட்ட பாடு, வேலை தருபவரோடு முன்கூட்டியே உறவு ஏற்படுத்திக்கொள்ளாத கல்வி என்ன ஆகும் என்பதற்குப் பெரும் சான்றாக நின்றது.

1979ல் அரசு மலிவுக் கூலித் தொழில்களை விட்டு உயர்தொழில்நுட்பத்தின் பக்கம் திரும்பியது. அதற்குப் பொறியாளர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டனர். 1980ல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைக்கப்பட்டு, கெண்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உருவானது. ஜூரோங்கில் காலியான நன்யாங் வளாகத்தில் 1981ல் நன்யாங் தொழில்நுட்பக் கழகம் நிறுவப்பட்டது. அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர் பேராசிரியர் சாம் தாவ் சூன். மறு ஆண்டு மூன்று பொறியியல் பிரிவுகளில் 582 மாணவர்கள் சேர்ந்தார்கள்.

இங்கேதான் திருப்பம் நிகழ்ந்தது. ஒவ்வொரு மாணவரும் படிப்பின் ஒரு பகுதியாகப் பல மாதங்களை ஒரு நிறுவனத்தில் கழிக்க வேண்டும் என்பது விதியானது. தொழிற்சாலைப் பயிற்சியைப் பட்டத்தோடு கட்டிப்போட்ட அந்த விதி மூன்று தரப்பாரை ஒருவரோடொருவர் பிணைத்தது. இடம் தேடித் தரும் பொறுப்பு கழகத்துக்கு. வேலை கற்றுத் தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு. மாணவர் உண்மையில் கற்கிறாரா, கோப்புத் தூக்குகிறாரா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு விரிவுரையாளருக்கு. பயிற்சிக்கு இடம் வேண்டுமென்றால் மாணவர் அதைத் தேடித் தரும் கழக அலுவலகத்தின் படியேறியே ஆக வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவரும் வருவார், செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளையும் வருவார். இருவரும் நிரப்புவது ஒரே விண்ணப்பம். முதல் அணி பட்டம் பெற்ற 1985ல் சிங்கப்பூர்ப் பொருளியல் சுருங்கியது. வேலை அரிதான அந்த ஆண்டில், அவர்கள் தொழிற்சாலையின் உட்புறத்தை ஏற்கெனவே பார்த்தவர்களாக வெளியே வந்தார்கள். 1991ல் கழகம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆன பின்பும் பயிற்சி தொடர்ந்தது.

2000ல் தொடங்கிய சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் அதே எண்ணத்தை வணிகக் கல்விக்குக் கொண்டுவந்தது. குறைந்தது 10 வார வேலைப் பயிற்சியும் 80 மணி நேரச் சமூக சேவையும் முடிக்காமல் பட்டம் இல்லை என்றானது. பயிற்சிக்குச் செல்லுமுன் சுயவிவரம் எழுதுவது, நேர்முகத்தில் பேசுவது போன்றவற்றை வாழ்க்கைத்தொழில் நிலையமே கற்றுத்தந்தது. 2005ல் அந்தப் பல்கலைக்கழகம் பிராஸ் பசாவுக்கு இடம்பெயர்ந்ததும், சிராங்கூன் சாலையின் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடும் தொலைவில் ஒரு பல்கலைக்கழகம் அமைந்தது.

தேசியப் பல்கலைக்கழகத்துக்கு இந்த வேலை கடினமாக இருந்தது. அது பெரியது, பழையது. துறைக்குத் துறை வழக்கம் வேறு. வரலாறோ தத்துவமோ படிப்பவரை எந்தத் தொழிற்சாலைக்கு அனுப்புவது? அங்கே வழிகாட்டி நிலையம் துறைகளின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. சென்ற பத்தாண்டின் நடுப்பகுதியில் அந்த நிலையம் எதிர்காலத்துக்குத் தயாரான பட்டதாரிகளுக்கான மையம் என்ற பொருளில் புதுப் பெயர் பூண்டது. தன்னை அறிவதும் பிறரோடு பழகுவதும் பற்றிய ‘வேர்களும் சிறகுகளும்’ என்ற பாடத்தை அது நடத்தியது. அந்தப் பாடம் பட்டத்துக்குக் கணக்கில் சேர்ந்தது. ஆகவே இறுதியாண்டின் பதற்றம் தொடங்குவதற்கு முன்பே மாணவரால் நிலையத்தை அறிய முடிந்தது.

அதே காலத்தில் அரசும் இதைக் கையில் எடுத்தது. 2014ல் இந்திராணி ராஜா தலைமையிலான குழு, பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டுதலை வலுப்படுத்தப் பரிந்துரைத்தது. அன்றைய துணைப் பிரதமர் தர்மன் சண்முகரத்னம் தலைமையில், திறன் வளர்ச்சிக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் மன்றம் அமைந்ததும் அந்த ஆண்டே.

அரசைத் தவிர, சமூகத்தின் தரப்பிலும் துணை இருந்தது. இந்தியச் சமூகத்தின் சுயஉதவி அமைப்பான சிண்டா 1991ல் தொடங்கியது. ஊழியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதி வழியாகச் சேரும் சந்தாவே அதன் முதுகெலும்பு. பள்ளிப் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புகளே அதன் தொடக்க காலப் பெரும்பணி. பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்ட தமிழ் மாணவருக்கு வேறொரு துணை உண்டு. தேசியப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரவையும் நன்யாங்கின் தமிழ் இலக்கிய மன்றமும் நாடகத்துக்கும் விவாதத்துக்கும் பெயர் பெற்றவை. ஆனால் ஒத்திகைக்கு வரும் முதலாண்டு மாணவர், பயிற்சி முடித்துத் திரும்பிய மூத்தவரைச் சந்திப்பதும் அங்கேதான். “அந்த ஆபீசுக்குப் போய்ப் பார்” என்று அண்ணனோ அக்காவோ சொல்வதற்கு, நிலையம் அனுப்பும் பத்து மின்னஞ்சல்களைவிட வலிமை அதிகம். ஊர்க்காரர் சொல்லுக்கு இருந்த இடம் இப்படி மூத்த மாணவர் சொல்லுக்கு வந்திருக்கிறது. எந்த நிலையமும் மாணவர் அமைப்புகளைக் கூட்டாளிகளாகக் கொள்ள இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

2020ல் கொவிட்-19 பரவல் வேலைகளை முடக்கியபோது, அரசு புதிய பட்டதாரிகளுக்குப் பணிப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பயிற்சிப் படியின் பெரும்பகுதியை ஏற்றது. இதற்கிடையே 2009ல் தொடங்கிய சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம், ஜூரோங்கின் பழைய விதியை இன்னும் நீட்டி, படிப்போடு இணைந்த வேலையை 8 முதல் 12 மாதங்கள் வரை ஆக்கியிருந்தது. 2024ல் அதன் புதிய வளாகம் பொங்கோலில் திறந்தது. விரிவுரைக் கூடங்களும் நிறுவன அலுவலகங்களும் ஒரே வட்டாரத்தில் அமையும் வண்ணம் பொங்கோல் மின்னிலக்க வட்டாரத்தைத் திட்டமிட்டது ஜேடிசி. 1968ல் ஜூரோங் தொழிற்பேட்டைக்காக நிறுவப்பட்ட அமைப்பும் அதுவே.