தறிக்காரர்களை அழைத்த ஊர்

சென்னை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் பலரும் ஒரே கதையைத்தான் சொல்வோம். 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து ஒரு மணல்வெளிக்கு உரிமை பெற்றார். கோட்டை எழும்பியது, ஊர் வளர்ந்தது.

சரி, அந்த மணலை எதற்காகக் கேட்டு வாங்கினார்? துறைமுகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளித்தான் நிற்கும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில் ஏறி அலையோடு மல்லுக்கட்டிக் கரைக்கு வரவேண்டும். கொஞ்சம் அசந்தால் படகு கவிழும்.

காரணம் துணி. இங்கே நல்ல துணி, மற்ற இடங்களைவிட நூற்றுக்கு 20 விலை குறைவாகக் கிடைக்கும் என்று டே எழுதினார். கம்பெனிக்கு வேண்டியது நிலமல்ல, தறி. தறியைத் தனியாகத் தூக்கி வரமுடியாது, தறிக்காரன் வரவேண்டும். அதனால் ஓர் அழைப்பு விட்டார்கள்: இங்கே குடியேறுகிறவர்களிடம் உண்பதற்கும் குடிப்பதற்கும் உடுப்பதற்கும் 30 ஆண்டுகளுக்குத் தீர்வை வாங்கமாட்டோம்.

ஜனங்கள் வந்தார்கள். நெசவாளர்கள், சாயம் தோய்ப்பவர்கள், துணியில் சித்திரம் எழுதுபவர்கள், வெளுப்பவர்கள். இவர்களுக்கும் வெள்ளைக்காரனுக்கும் நடுவே இரண்டு மொழி தெரிந்த துபாஷிகள், மொத்த வியாபாரிகள். கோட்டைக்கு வடக்கே ஒரு பட்டணம் உருவானது. கம்பெனி அதைக் கறுப்பர் நகரம் என்றது. நம்மவர்களுக்கு அது சென்னப்பட்டணம்.

வந்தவர்கள் கையை வீசிக்கொண்டு வரவில்லை. தெய்வத்தையும் திருவிழாவையும் சாதிச் சண்டையையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். எந்தத் தெருவில் யாருடைய ஊர்வலம் போகலாம் என்று வலங்கை, இடங்கைப் பிரிவினர் மோதிக்கொண்டார்கள். 1707இல் தகராறு முற்றி, வலங்கையினர் பலர் ஊரைவிட்டே கிளம்பிச் சாந்தோமில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கவர்னர் தாமஸ் பிட் ஆடிப்போனார். வேலைக்காரர்கள் போய்விட்டால் கோட்டையில் பீரங்கி இருந்து என்ன பிரயோஜனம்? கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். அழைத்து வந்தவனின் பலம் அழைத்தவனுக்கு அன்று நன்றாகவே தெரிந்தது.

தறிக்கான தேவையும் தீரவில்லை. 1734 வாக்கில், சுங்குராம செட்டி என்ற பெரும் வணிகரின் தோட்டம் இருந்த இடத்தில், நெசவாளர்களுக்கென்றே ஒரு குடியிருப்பைக் கம்பெனி அமைத்தது. சின்னத் தறிப் பேட்டை. இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

ஆனால் கம்பெனிக்கு ஊரைவிடக் கோட்டை முக்கியம் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த பழைய பட்டணத்தில் ஒரு பகுதியை அவர்கள் இடித்தார்கள். 1749இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு மிச்சத்தை இடித்தவர்கள் ஆங்கிலேயரே. கோட்டையைத் தாக்க வருகிற எதிரிக்கு அந்த வீடுகள் மறைவிடம் ஆகிவிடுமாம். நூறு வருஷம் வாழ்ந்த தெருக்கள் பீரங்கிப் பார்வைக்கான வெட்டவெளியாயின. பட்டணத்தின் பெரிய கோயிலும் போயிற்று. பிறகு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, இன்றைய பூக்கடைப் பக்கம் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் புதுக் கோயில்கள் எழுந்தன. பழைய கோயில் இருந்த வட்டாரத்தில் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது.

இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று காட்ட 1773இல் ஆறு தூண்கள் நட்டார்கள். ஒன்று இன்னும் பாரிமுனையில் இருக்கிறது. அதைத் தாண்டித் தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் போகிறார்கள். ஒரு ஊரை அழித்ததன் அடையாளம் அது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆகஸ்ட் 22ஐக் கொண்டாடுவதில் தப்பில்லை. ஆனால் அன்று கைமாறியது வெறும் மணல். அந்த மணலை ஊராக்கியவர்கள் அதற்குப் பிறகு நடந்து வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிலையும் இல்லை, சாசனமும் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் தறி இருக்கிறது, வண்ணாரப்பேட்டையில் வெளுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன பத்திரம் இந்தப் பெயர்கள்தான். நவீனமாக இல்லை, கௌரவமாக இல்லை என்று பேட்டைகளின் பெயரை மாற்றத் துடிக்கும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.