சாண்ட்பாக்சியில் கோப்பு மேலாளரை இயக்குதல்

சாண்ட்பாக்சி என்பது விண்டோஸ் இயக்குதளத்தில் ஒரு நிரலை ஏனைய நிரல்களிலிருந்தும் கோப்புகளிலிருந்தும் பிரித்து இயக்கும் பயன்பாட்டு மெய்நிகராக்க மென்பொருள் ஆகும். இணைய உலாவிகளைப் பாதுகாப்பாக இயக்கவே இது பெரிதும் பயன்படுகின்றது. விண்டோஸ் எக்ஸ்புளோரர், டோட்டல் கமாண்டர் போன்ற கோப்பு மேலாளர்களையும் இதற்குள் இயக்கலாம். ஆனால் அது எப்பொழுது தகும் என்பது உலாவியைப் பொறுத்தவரை உள்ளதைப் போல எளிய வினா அன்று. கோப்புகளில் நிலையான மாற்றம் செய்வதே கோப்பு மேலாளரின் வேலை. சாண்ட்பாக்சியோ அத்தகைய மாற்றம் கணினியை எட்டாமல் தடுப்பதற்கென்றே எழுதப்பட்டது.

வரலாறு

இதனை ரோனென் சுர் உருவாக்கி 2004 இல் வெளியிட்டார். 2013 இல் இன்வின்சியா நிறுவனத்திடமும், அந்நிறுவனம் வாங்கப்பட்டதால் 2017 இல் சோஃபோஸ் நிறுவனத்திடமும் இது சென்றது. சோஃபோஸ் 2019 இல் இதனை இலவசமாக்கியது. 2020 ஏப்ரலில் மூலநிரலையும் வெளியிட்டது. அதன் பின்னர் இது சாண்ட்பாக்சி பிளஸ் என்னும் பெயரில் திறமூல மென்பொருளாக வளர்ந்து வருகின்றது.

செயற்படும் முறை

பிரித்து இயக்கப்படும் நிரல் கணினியில் உள்ள கோப்புகளைப் பொதுவாகப் படிக்க முடியும். எழுத முற்படும்போது மட்டும் சாண்ட்பாக்சி குறுக்கிட்டு, கோப்பின் படி ஒன்றை மணற்பெட்டி எனப்படும் தனிக் கோப்புறையில் உருவாக்கி, மாற்றத்தை அப்படியில் எழுதச் செய்கின்றது. மூலக்கோப்பு தொடப்படுவதில்லை. ரெஜிஸ்ட்ரி மாற்றங்களும் இவ்வாறே திருப்பிவிடப்படுகின்றன. ஒரு கோப்பை அழித்தால், அது அழிந்ததாக மணற்பெட்டிக்குள் ஒரு குறிப்பு மட்டுமே பதிவாகும். படியெடுக்கத்தக்க கோப்பின் அளவுக்கு ஒரு வரம்பும் உண்டு. நெடுங்காலம் 48 மெகாபைட்டாக இருந்த இவ்வரம்பைப் பயனர் மாற்றிக்கொள்ளலாம். வரம்பை மீறிய கோப்பைப் படிக்க இயலுமே தவிர அதில் எழுத இயலாது.

மணற்பெட்டிக்குள் இயங்கும் நிரல் தொடங்கிவைக்கும் பிற நிரல்களும் அதே பெட்டிக்குள்ளேயே இயங்கும். கோப்பு மேலாளரை உள்ளே இயக்குவதன் முதன்மையான பயன் இதுவே. ஐயத்திற்குரிய ஓர் ஆவணத்தை அங்கிருந்து இரட்டைச் சொடுக்கினால், அதனைத் திறக்கும் சொற்செயலியும் தானாகவே உள்ளே வந்துவிடுகின்றது.

உள்ளே இயக்க வேண்டிய சூழல்

கோப்பைத் திறக்காமல் கோப்புறையை வெறுமனே பார்ப்பதால் தீங்கு நேராது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியன்று. 2010 இல் அறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரல், விண்டோசு குறுக்குவழிக் கோப்புகளின் சின்னத்தைக் காட்டும் முறையில் இருந்த வழுவைப் பயன்படுத்திற்று. பாதிக்கப்பட்ட பென் டிரைவை எக்ஸ்புளோரரிலோ சின்னங்களைக் காட்டும் வேறொரு கோப்பு மேலாளரிலோ திறந்து பார்த்தாலே அது இயங்கத் தொடங்கிவிடும். மைக்ரோசாப்ட் அவ்வாண்டு ஆகஸ்டில் இவ்வழுவைத் திருத்தியது. படங்களின் சிறுவுருக்களைக் காட்டும் பகுதியிலும் இத்தகைய வழுக்கள் இருந்ததுண்டு. எனவே, பிறரிடமிருந்து பெற்ற பென் டிரைவை முதன்முறை பார்வையிடும்போது கோப்பு மேலாளரை மணற்பெட்டிக்குள் இயக்குவதற்குத் தக்க காரணம் உண்டு.

உள்ளே இயக்கக் கூடாத சூழல்

சொந்தக் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு இம்முறை பொருந்தாது. மணற்பெட்டிக்குள் இயங்கும் கோப்பு மேலாளர் பொய்யான தோற்றத்தைக் காட்டும் என்பதே காரணம். எடுத்துக்காட்டாக, ஒரு மாணவர் தம் ஆய்வேட்டை அதன் வழியாகப் பென் டிரைவுக்குப் படியெடுக்கின்றார் எனக் கொள்வோம். சாளரத்தில் ஆய்வேடு பென் டிரைவில் இருப்பதாகவே தெரியும். உண்மையில் அப்படி வன்தட்டில் உள்ள மணற்பெட்டியில்தான் இருக்கின்றது. அச்சகத்திற்குச் சென்று திறந்தால் பென் டிரைவில் ஒன்றும் இராது.

இதன் மறுபக்கம் இன்னும் இடர் மிக்கது. பென் டிரைவைப் பிறரிடம் கொடுக்குமுன் தம் தனிப்பட்ட கோப்புகளை இவ்வாறு அழித்தவர், அவை போய்விட்டன என நம்பியிருப்பார். அவை அனைத்தும் அப்படியே கைமாறும்.

மணற்பெட்டியை வெறுமையாக்கும்போது, உள்ளே புதிதாக எழுதப்பட்டவை அனைத்தும் அழிகின்றன. விரைவு மீட்பு என்னும் வசதி, மேசைத்தளம், ஆவணங்கள் போன்ற குறிப்பிட்ட கோப்புறைகளில் சேமித்தவற்றை வெளியே எடுக்கலாமா என நினைவூட்டும். பிற இடங்களில் சேமித்தவற்றுக்கு இந்நினைவூட்டல் இயல்பாகக் கிடைப்பதில்லை. அவற்றைப் பயனரே பெட்டியில் தேடி எடுக்க வேண்டும். சாளரத் தலைப்பின் இருபுறமும் தோன்றும் சதுர அடைப்புக்குறிக்குள்ளான எண்குறி பயனருக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு கோப்பு மேலாளர்களை, ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயுமாக, ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்போர் இக்குறியைக் கவனியாது குழம்புவது இயல்பே.

இடைவழி

கோப்பு மேலாளரை வெளியே இயக்கிக்கொண்டு, பென் டிரைவையோ பதிவிறக்கக் கோப்புறையையோ கட்டாயக் கோப்புறையாக அமைக்கலாம். அங்குள்ள நிரல் எதனைத் தொடங்கினாலும் அது மணற்பெட்டிக்குள் இயங்கும்; கோப்புகளை நகர்த்துவதும் அழிப்பதும் வழமை போல் உண்மையாகவே நிகழும். அன்றாடப் பயனுக்கு இதுவே ஏற்றது. ஆயினும் ஸ்டக்ஸ்நெட் பயன்படுத்தியதைப் போன்ற, கோப்பு மேலாளரையே தாக்கும் வழுவுக்கு இது காப்பாகாது.

வரம்புகள்

உள்ளே இயங்கும் நிரல் கோப்புகளைப் படிக்க முடியும் என்பதால், இயல்பு அமைப்பில் மணற்பெட்டி இரகசியத்தைக் காப்பதில்லை. வங்கி விவரங்கள் உள்ள கோப்புறைகளுக்கான அணுகலை அமைப்புகளில் தனியே அடைக்க வேண்டும். மேலும், உள்ளே இயங்கும் நிரலும் வெளியே உள்ளவையும் ஒரே இயக்குதளக் கருனியையே பகிர்கின்றன. கருனியில் உள்ள வழு வழியாக நச்சுநிரல் வெளியேற வாய்ப்புண்டு. நச்சுநிரல் என உறுதியாகத் தெரிந்ததை ஆராய்வோருக்குத் தனிக் கருனியுடன் இயங்கும் மெய்நிகர் கணினியே உகந்தது. 2019 இல் விண்டோஸ் 10 உடன் வந்த விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் அவ்வகையினது. விண்டோசின் ஹோம் பதிப்பில் அது தரப்படுவதில்லை.